பன்னிரண்டாம் வகுப்புக்குப் பிறகு: கல்வராயன் மலை மாணவரும் மேலாண்மைக் கல்லூரிகளின் வளாகப் பன்மையும்

அயல்நாட்டு மாணவருக்கு இந்தியக் கல்வி நிறுவனம் என்னென்ன செய்துதர வேண்டும் என்பது கடந்த சில ஆண்டுகளில் ஏறக்குறைய எழுதி முடிக்கப்பட்டுவிட்டது. 2018-இல் மத்திய அரசு ‘ஸ்டடி இன் இந்தியா’ திட்டத்தைத் தொடங்கியது. 2020-இன் தேசியக் கல்விக் கொள்கை, அயல்நாட்டு மாணவரைச் சேர்க்கும் ஒவ்வொரு நிறுவனத்திலும் அவர்களை வரவேற்று உதவுவதற்கென்றே ஓர் அலுவலகம் வேண்டும் என்றது. 2021-இல் பல்கலைக்கழக மானியக் குழு அதற்கான நெறிமுறைகளை வெளியிட்டது. அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி 2021-22-இல் நாட்டில் இருந்த அயல்நாட்டு மாணவர் 46,878 பேர். மொத்த மாணவரோ 4.33 கோடி. இத்தனை சிறிய எண்ணிக்கைக்கு இத்தனை ஏற்பாடா என்று யாரும் கேட்கவில்லை, கேட்கவும் வேண்டாம். மேலாண்மைக் கல்லூரிகள் இதில் மற்றவர்களை முந்திக்கொண்டன. பைனான்சியல் டைம்ஸ் போன்ற உலகத் தரவரிசைகள் எத்தனை பேர் வேற்று நாட்டவர் என்று பார்த்துப் புள்ளி தருவதால், வளாகப் பன்மை என்றாலே கடவுச்சீட்டுகளின் பன்மை என்று அங்கே வழங்கத் தொடங்கிவிட்டது. இந்தக் கட்டுரை அந்தப் பன்மையைக் கள்ளக்குறிச்சி மாவட்டத்தின் மேற்கு எல்லையில் நிற்கும் கல்வராயன் மலையிலிருந்து பார்க்கிறது. அம்மலையின் பழங்குடி மாணவருக்கு அரசு அரை நூற்றாண்டாகக் கட்டிய ஆதரவு உறைவிடப் பள்ளியைச் சுற்றி வளர்ந்தது. பன்னிரண்டாம் வகுப்போடு நின்றுவிட்டது. அதற்கு மேல் அவருக்குக் கிடைப்பவை இட ஒதுக்கீடும் உதவித்தொகையுமே. விடுபட்டுப்போன பகுதி எதுவோ, அதைத்தான் மேலாண்மைக் கல்லூரிகள் அயல்நாட்டாருக்கென்று ஏற்கெனவே செய்து பழகியிருக்கின்றன. அதை மலை மாணவருக்கும் திறந்துவிட வேண்டும் என்பதே இங்கு நிறுவ முற்படும் கருத்து.

மலைக்கும் சமவெளிக்கும் இடையிலான தூரத்தை இயற்கை மீது சுமத்துவது எளிது. கடல்மட்டத்திலிருந்து சுமார் 2000 முதல் 3000 அடி உயரம்தான் இந்த மலை. நீலகிரியோடு ஒப்பிட்டால் குன்று. இங்கு வாழும் மலையாளிப் பழங்குடியினர் தமிழ் பேசுபவர்கள். தம் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் என்பது இவர்களின் வாய்மொழி மரபு; 1909-இல் வெளியான எட்கர் தர்ஸ்டனின் தென்னிந்தியச் சாதிகளும் பழங்குடிகளும் பற்றிய தொகுப்பில் அது பதிவாகியிருக்கிறது. ஆக, ஆதிகாலம் தொட்டு உலகத்தொடு ஒட்டாமல் ஒதுங்கிக் கிடந்த மக்கள் என்று இவர்களைச் சித்திரிப்பதற்கு அவர்களுடைய சொந்த மரபே இடம் தரவில்லை. தூரத்தை உண்டாக்கியது ஆட்சிமுறை. சடைய கவுண்டர், குறும்ப கவுண்டர், ஆரிய கவுண்டர் என்ற மூன்று ஜாகிர்களின் (பரம்பரை நில ஆளுகைகளின்) கீழ் மலை பிரிந்து கிடந்தது. விஜயநகர அரசு வழங்கிய உரிமை என்று அதற்கொரு மரபுக் கதையும் உண்டு. 1948-இல் சென்னை மாகாணத்தில் ஜமீன் ஒழிப்புச் சட்டம் வந்தபின்னும் கல்வராயன் மலையில் ஜாகிர் ஆளுகை 1976 வரை நீடித்தது. நாடு விடுதலை பெற்று 29 ஆண்டுகள். சமவெளியில் காமராசர் ஆட்சிக் காலத்தில் ஊர்தோறும் பள்ளியும் மதிய உணவும் பரவி, அந்தத் தலைமுறை பட்டம் பெற்று வேலைக்குப் போகத் தொடங்கிவிட்ட காலம் அது. மலையில் அப்போதுதான் நேரடி அரசு நிர்வாகமே தொடங்குகிறது. ஒரு முழுத் தலைமுறை இப்படித் தவறியது. கல்வியில் ஒரு தலைமுறை தவறினால் அதன் வட்டியை அடுத்த இரண்டு தலைமுறைகள் கட்ட வேண்டியிருக்கும்.

அதே காலத்தில்தான், ஐந்தாம் ஐந்தாண்டுத் திட்டத்தின் பகுதியாக, பழங்குடியினர் துணைத் திட்டம் நாடெங்கும் நடைமுறைக்கு வந்தது. தமிழ்நாட்டில் அதன் கீழ் ஒருங்கிணைந்த வளர்ச்சிக்கென்று எடுத்துக்கொள்ளப்பட்ட மலைகளில் கொல்லி, ஜவ்வாது, பச்சை மலைகளோடு கல்வராயனும் ஒன்று. இந்தத் திட்டங்கள் கல்வியில் கண்ட தீர்வு உண்டு உறைவிடப் பள்ளி. சிதறிக் கிடக்கும் சிற்றூர்கள், மழைக்காலத்தில் போக முடியாத பாதைகள், பிழைப்புக்காகக் கேரளத் தோட்டங்களுக்கும் கர்நாடகத்துக்கும் கட்டட வேலைக்கும் குடும்பத்தோடு இறங்கிப்போகும் பெற்றோர் என்ற நிலைமையில் இதைவிடப் பொருத்தமான ஏற்பாட்டைக் கற்பனை செய்வது கடினம். பழங்குடியினர் நலத்துறையின் கீழ் இன்று மாநிலம் முழுவதும் 300-க்கும் மேற்பட்ட இத்தகைய பள்ளிகள் இயங்குகின்றன. 1997-98-இல் மத்திய அரசு தொடங்கிய ஏகலைவா மாதிரி உறைவிடப் பள்ளித் திட்டத்தில் கல்வராயனிலுள்ள வெள்ளிமலைக்கும் ஒரு பள்ளி கிடைத்தது. மலையின் சேலம் பக்கத்தில் அபிநவத்துக்கும் ஒன்று. இவற்றின் ஆசிரியர் பற்றாக்குறை, கழிப்பறை, உணவு பற்றிய புகார்கள் பொய்யல்ல. ஆனால் உறைவிடப் பள்ளியின் அடிப்படை எண்ணம் சரியானது: பிள்ளைக்கு இடம் மட்டும் கொடுத்தால் போதாது, படுக்க இடம், மூன்று வேளைச் சோறு, சீருடை, பாடநூல், இரவில் உடனிருக்க ஓர் ஆள், இவை எல்லாம் சேர்ந்தால்தான் படிப்பு நடக்கும். அந்த எண்ணத்துக்குக் கிடைத்த பலனையும் மறுக்க முடியாது. மலையிலுள்ள கருமந்துறை அரசு பழங்குடியினர் உண்டு உறைவிட மேல்நிலைப் பள்ளியில் படித்த ஒரு மாணவி 2025-இல் சென்னை ஐ.ஐ.டி.யில் இடம் பெற்றது மாநிலம் முழுக்கச் செய்தியானது. அது செய்தியாகும் அளவுக்கு அரிதாக இருப்பது வேறு விஷயம்.

அலுவலகத் தூரம் குறைந்த கதையையும் இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும். ஜாகிர் போன பிறகு மலைவாசிக்கு மாவட்டத் தலைநகர் கடலூர், வங்கக் கடலின் ஓரம். 1993-இல் விழுப்புரம் தனி மாவட்டமானதும் தலைநகர் பாதித் தூரம் உள்ளே வந்தது. 2019 நவம்பர் 26 அன்று கள்ளக்குறிச்சி மாவட்டம் தொடங்கிய பிறகே அது மலையடிவாரத்துக்கு வந்து சேர்ந்தது. சான்றிதழ் அரசியலை அறியாதவர்களுக்கு இது ஊர்ப் பெருமையாகத் தோன்றலாம். பழங்குடியினர் சாதிச் சான்றை வட்டாட்சியர் வழங்கியது ஒரு காலம். 1989 முதல் கோட்டாட்சியர்தான் வழங்க வேண்டும். 1994-இல் மாதுரி பாட்டீல் வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்த நெறிகளுக்குப் பின் மெய்த்தன்மை ஆய்வும் சேர்ந்துகொண்டது. போலிச் சான்றுகளைத் தடுக்க இவை வேண்டியவையே. ஆனால் கல்லூரிச் சேர்க்கைக்கு நாள் குறித்திருக்கும்போது, ஜாகிர் காலத்து நிலத்துக்குப் பட்டாவே உறுதியாகாத ஒரு குடும்பம் பழைய ஆவணங்களைத் தேடி அலைவது, அயல்நாட்டு மாணவர் விசாவுக்கு அலைவதற்கு எவ்விதத்திலும் குறைந்ததில்லை. விசாவுக்கு வழிகாட்ட வளாகத்தில் ஆள் உண்டு என்பது மட்டுமே வேறுபாடு. அலுவலகம் அருகில் வந்ததால் மலையின் குறைகள் தீர்ந்துவிடவில்லை. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் அறுபதுக்கும் மேற்பட்டோர் விஷச் சாராயத்துக்குப் பலியான பிறகு, அடுத்த மாதம் சென்னை உயர்நீதிமன்றம் கல்வராயன் மலை மக்களின் வாழ்நிலையைத் தானாக முன்வந்து வழக்காக எடுத்துக்கொண்டது. சாலை, பேருந்து, மருத்துவம் என்று நீதிமன்றம் கேட்ட கேள்விகள் மலையில் தலைமுறை தலைமுறையாகக் கேட்கப்படுபவை.

பன்னிரண்டாம் வகுப்புக்கு மேல் என்ன இருக்கிறது? பட்டியல் நீளம்தான், அதனால் விரைந்து கடக்கலாம். 1944-இல் தொடங்கிய மெட்ரிக் மேற்படிப்பு உதவித்தொகை 1948-இல் பழங்குடியினருக்கும் விரிந்தது. மாநில இட ஒதுக்கீட்டில் பழங்குடியினருக்கு 1 விழுக்காடு. மத்தியக் கல்வி நிறுவனங்களில் 2006-ஆம் ஆண்டுச் சட்டப்படி 7.5 விழுக்காடு. இந்திய மேலாண்மைக் கழகம் (ஐ.ஐ.எம்.) போன்ற உயர்நிலை நிறுவனங்களில் சேரும் பழங்குடி மாணவருக்கு முழுக் கட்டணத்தையும் ஏற்க மத்தியப் பழங்குடியினர் நல அமைச்சகத்தின் உதவித்தொகை, ஆண்டுக்கு ஆயிரம் புதிய மாணவருக்கு. மாநிலத்தில் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்கள் மாதம் 1000 ரூபாய் தருகின்றன. வெளிநாடு சென்று படிக்க மத்திய அரசின் தேசிய அயல்நாட்டு உதவித்தொகை ஆண்டுக்கு 20 பழங்குடி மாணவருக்கு உண்டு. இவை அனைத்தும் இரண்டே வகை: இடம், பணம். உறைவிடப் பள்ளியை உறைவிடப் பள்ளியாக்கிய மூன்றாவது கூறு, அதாவது உடனிருந்து கவனிக்கும் ஏற்பாடு, இந்தப் பட்டியலில் எங்குமே இல்லை. 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் எழுத்தறிவு 80.1 விழுக்காடு, பழங்குடியினரின் எழுத்தறிவு 54.3. இந்த 26 புள்ளி இடைவெளியைக் கடந்து கல்லூரி வாசலுக்கு வரும் இளைஞர் பெரும்பாலும் தன் வீட்டின் முதல் பட்டதாரி, சில நேரம் தன் ஊரின் முதல் பட்டதாரி. வாசலுக்குள் அவரை யார் எதிர்கொள்கிறார் என்பதைப் பற்றி எந்த அரசாணையும் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.

மேலாண்மைக் கல்வியின் வரலாறு இதற்கு நேர்மாறான திசையிலிருந்து வருகிறது. 1961-இல் கல்கத்தாவிலும் அகமதாபாத்திலும் இந்திய மேலாண்மைக் கழகங்கள் தொடங்கியபோது முன்னதற்கு எம்.ஐ.டி.யும் பின்னதற்கு ஹார்வர்டும் துணை நின்றன. பாடமும் கற்பிக்கும் முறையும் அங்கிருந்தே வந்தன. வகுப்பில் துணிந்து பேசுபவருக்கே மதிப்பெண் என்ற வழக்கமும் கூடவே வந்தது. தமிழ்நாட்டில் 1979-இல் லயோலா மேலாண்மை நிறுவனமும் பிறகு ஏராளமான தனியார் கல்லூரிகளும் முளைத்தன. 2011-இல் திருச்சி ஐ.ஐ.எம். தொடங்கியது. கள்ளக்குறிச்சியிலிருந்து அது சில மணி நேரப் பயணம்தான். ஆயினும் அங்கே போய்ச் சேர எழுத வேண்டிய கேட் (CAT) நுழைவுத் தேர்வு முழுக்க ஆங்கிலத்தில் நடக்கிறது. ஐ.ஐ.டி.கள் தகுதி மதிப்பெண்ணைச் சற்றே தவறவிட்ட பட்டியல் சாதி, பழங்குடி மாணவரை ஓராண்டு ஆயத்தப் படிப்பில் சேர்த்துக்கொள்கின்றன. ஐ.ஐ.எம்.களில் வழக்கமாக இருப்பதோ வகுப்பு தொடங்குமுன் சில வார முன்பயிற்சிதான். பன்மை பற்றி அதிகம் பேசும் இந்த நிறுவனங்களில் இருபது, ஆசிரியர் நியமன இட ஒதுக்கீட்டிலிருந்து விலக்குக் கேட்டு மத்திய அரசுக்கு எழுதியதும் 2020-ஐ ஒட்டி நடந்ததுதான். வகுப்பறையின் பின்வரிசையில் உட்கார்ந்திருக்கும் மலை மாணவர் தன்னைப் போன்ற ஒரு முகத்தைக் கரும்பலகைப் பக்கம் காண வாய்ப்பில்லை என்பதை இதோடு சேர்த்துப் படிக்க வேண்டும்.

அயல்நாட்டு மாணவருக்கான ஏற்பாட்டை இனிப் பிரித்துப் பார்ப்போம். அவர் வருமுன்னரே ஊர், உணவு, விடுதி, கட்டணம் பற்றிய விவரங்கள் அனுப்பப்படுகின்றன. தொடர்புக்கு ஓர் அலுவலர் பெயரோடு குறிப்பிடப்படுகிறார். வந்திறங்கியதும் மூத்த மாணவர் ஒருவர் துணையாகச் சேர்க்கப்படுகிறார். மொழியில் தடுமாறினால் தனி வகுப்பு. விடுமுறையிலும் விடுதியில் தங்கலாம், ஏனெனில் அவரால் ஊருக்குப் போய்வர முடியாது என்பது எல்லோருக்கும் தெரிகிறது. இப்போது வெள்ளிமலையிலோ சேராப்பட்டிலோ இருந்து வரும் மாணவரை அதே இடத்தில் நிறுத்திப் பாருங்கள். பன்னிரண்டு ஆண்டு தமிழ்வழியில் படித்துவிட்டு ஆங்கிலத்தில் நிதிநிலை அறிக்கை வாசிக்கிறார். விடுமுறையில் விடுதியைப் பூட்டினால் அவர் போக வேண்டிய வீடும் பூட்டியிருக்கக்கூடும். பெற்றோர் மிளகு பறிக்கவோ கட்டட வேலைக்கோ போயிருப்பார்கள். உதவித்தொகை தாமதமானால் யாரிடம் கேட்பது, சான்றில் எழுத்துப்பிழை இருந்தால் எங்கே போவது, வகுப்பில் யாராவது சாதியைச் சொல்லி இழித்துப் பேசினால் எங்கே புகார் செய்வது என்று சொல்ல ஆளில்லை. கடைசிக் கேள்விக்கு 2012-ஆம் ஆண்டின் மானியக் குழு விதிகள் சமவாய்ப்புப் பிரிவு என்றொரு விடையை வைத்திருக்கின்றன. ஆனால் அது புகார் வந்த பிறகு விழித்துக்கொள்வது. அயல்நாட்டு மாணவர் அலுவலகமோ புகார் எழாமல் இருக்கவே பாடுபடுவது. தேவைக்கும் குடியுரிமைக்கும் தொடர்பில்லை என்பதற்கு இன்னொரு சான்று நம் கண்ணெதிரே உண்டு: இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாமில் பிறந்து வளர்ந்து தமிழ்நாட்டுப் பள்ளியில் படித்த மாணவர் பலர் சட்டத்தின் கண்ணில் அயல்நாட்டவர். மாணவரின் தேவையை அளக்கக் கடவுச்சீட்டு எவ்வளவு பிழையான கருவி என்பதற்கு அவர்களைவிட வேறு சாட்சி தேவையில்லை.

இதை மறுப்போர் முதலில் சொல்வது: சொந்த நாட்டுக் குடிமகனை அயலாரைப் போல நடத்துவது இழிவல்லவா, தனி அலுவலகம் வைத்தால் முத்திரை குத்தியதாகாதா? இந்த அச்சம் நியாயமானது. சமவெளிக் கல்லூரிகளில் உதவித்தொகைப் பட்டியலை வகுப்பறையில் சத்தமாக வாசிக்கும் வழக்கம் எத்தனை பேரைக் கூனிக்குறுக வைத்திருக்கிறது என்பதை அறிந்தவர்கள் இதை எளிதில் தள்ள மாட்டார்கள். ஆனால் நான் கோருவது தனிக் கதவல்ல. வெளியூரிலிருந்து வரும் எவருக்கும், நேபாளத்திலிருந்து வந்தாலும் நாகாலாந்திலிருந்து வந்தாலும் கரியாலூரிலிருந்து வந்தாலும், ஒரே அலுவலகம் என்றால் முத்திரைக்கு இடமில்லை. இரண்டாவது மறுப்பு மொழி பற்றியது: மலையாளிகள் தமிழர்தானே, வடகிழக்கு மாநிலத்தவர் போலத் தெருவில் வழி கேட்கக்கூடத் திணறுபவர்கள் அல்லவே? உண்மை. அதனால்தான் அவர்களுடைய திணறல் கண்ணில் படுவதில்லை. தமிழ்நாட்டுக் கல்லூரியில் தமிழ் பேசும் மாணவர் ஆங்கிலத்தில் தடுமாறினால் அது சோம்பலாகவோ அறிவுக் குறைவாகவோ எடுத்துக்கொள்ளப்படுகிறது. அதே தடுமாற்றம் ஆப்கானிய மாணவரிடம் இருந்தால் மொழிச் சிக்கல் என்று புரிந்துகொள்ளப்படுகிறது. மூன்றாவது மறுப்பே வலுவானது. மலையிலிருந்து மேலாண்மைப் படிப்புக்கு வருபவர்களே விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள், பெரும்பாலோர் பட்டப்படிப்புக்கு முன்பே நின்றுவிடுகிறார்கள், எனவே கவனம் பள்ளியில்தான் வேண்டும் என்பது அது. பள்ளிக்கு வேண்டிய கவனத்தை யாரும் குறைக்கச் சொல்லவில்லை. ஆனால் மேலாண்மைக் கல்வி என்பது இனி எம்.பி.ஏ. மட்டுமல்ல. 2024-25 முதல் பி.பி.ஏ. படிப்பும் அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவின் கீழ் வந்துவிட்டது. கள்ளக்குறிச்சி, சங்கராபுரம், ஆத்தூர் வட்டாரத்தில் பி.பி.ஏ. நடத்தும் சாதாரணக் கலைக் கல்லூரியும் இன்று மேலாண்மைக் கல்வி நிறுவனம்தான். மலை மாணவர் முதலில் கால் வைக்கும் இடம் அதுவே. பெரும்பாலும் அங்கேதான் படிப்பு நின்றும் போகிறது.

இத்தகைய ஏற்பாடு நடைமுறைக்கு ஒத்துவராது என்போருக்கு ஆஸ்திரேலியாவின் அனுபவம் பயன்படும். அங்கே பூர்வகுடி மாணவருக்கு 1969 முதல் வழங்கப்படும் ஆப்ஸ்டடி உதவி கட்டணத்தோடு நிற்பதில்லை. தொலைவிலுள்ள சமூகத்திலிருந்து படிக்க வருபவரின் பயணச் செலவையும் அது ஏற்கிறது. அந்நாட்டுப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் பூர்வகுடி மாணவருக்கென்று தனி ஆதரவு மையங்கள் உள்ளன. மெல்போர்ன் மேலாண்மைக் கல்லூரி 2012-இல் பூர்வகுடித் தொழில்முனைவோருக்காக முர்ரா என்ற பயிற்சியைத் தொடங்கியது. பூர்வகுடியினரை நடத்திய விதத்தில் ஆஸ்திரேலியாவின் வரலாறு நமக்கு முன்மாதிரி அல்ல; குழந்தைகளைத் தாயிடமிருந்து பறித்த நாடு அது. ஆனாலும் மேலாண்மைக் கல்லூரி ஒன்று தன் நாட்டுப் பழங்குடியைப் பயனாளியாக மட்டும் பாராமல் தொழில் நடத்துபவராகப் பார்த்தது என்பது கவனிக்கத் தக்கது.

அந்தப் பார்வை நமக்கு வேண்டியதற்குக் காரணம் இரக்கம் மட்டுமல்ல. கல்வராயன் மலையில் சாமையும் தினையும் விளைந்த நிலத்தின் கணிசமான பகுதி இன்று மரவள்ளிக்கு மாறியிருக்கிறது. கிழங்கு ஆத்தூர், சேலம் பக்கத்து ஜவ்வரிசி ஆலைகளுக்கு இறங்குகிறது. ஆலைக்காரர்கள் 1981-இலேயே சேகோசர்வ் என்ற கூட்டுறவு அமைப்பை உண்டாக்கிக்கொண்டார்கள். 2023-இல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. மலையில் கிழங்கு பிடுங்குபவருக்கு விலை பேசும் பலம் அந்த அளவுக்கு வளரவில்லை. மாவுச்சத்தின் அளவைப் பார்த்து ஆலைப் பக்கம் சொல்வதுதான் விலை. கடுக்காய், தேன் போன்ற வனப்பொருள்களுக்கென்று மலைப்பகுதிகளில் பழங்குடியினர் பெரும்பல நோக்குக் கூட்டுறவுச் சங்கங்கள் உண்டு. அவற்றின் கணக்கையும் சந்தையையும் நடத்த மலையிலேயே பிறந்த மேலாளர்கள் போதுமான அளவில் இல்லை. வழங்கல் தொடர் பற்றிய வகுப்பில் அமெரிக்கப் பேரங்காடியின் கதையைப் படிக்கும் இடத்தில், வாரச்சந்தை நாளில் தரகரிடம் கிழங்கு விலை பேசிய குடும்பத்தின் பிள்ளை உட்கார்ந்திருந்தால் மற்றவர்களும் கற்றுக்கொள்வார்கள். பன்மையால் வகுப்பறை செழிக்கும் என்று தரவரிசைக் கையேடுகள் சொல்வதை நான் அப்படியே ஏற்கிறேன். அந்தக் கணக்கில் கருமந்துறையையும் சேருங்கள் என்பதே என் வழக்கு.

செய்ய வேண்டியது பெரிய செலவுக்குரியதல்ல. கள்ளக்குறிச்சி, சேலம் மாவட்டப் பழங்குடியினர் நல அலுவலகங்களும் வட்டாரத்தில் பி.பி.ஏ., எம்.பி.ஏ. நடத்தும் கல்லூரிகளும் திருச்சி ஐ.ஐ.எம்.மும் கூடிப் பேசி, மலையிலிருந்து சேரும் ஒவ்வொரு மாணவருக்கும் கல்லூரியில் பெயர் குறித்த ஒரு பொறுப்பாளர், முதல் பருவத்தில் ஆங்கிலத்துக்கும் கணக்குக்கும் மாலை வகுப்பு, விடுமுறையிலும் திறந்திருக்கும் விடுதி, ஆண்டுக்கு இரண்டு முறை ஊர் போய்வரப் பயணப்படி ஆகியவற்றை எழுத்தில் உறுதி செய்யலாம். பன்னிரண்டாம் வகுப்பு முடிவுகள் மே மாதத்தில் வருகின்றன. கல்லூரிகள் அடுத்த ஓரிரு மாதங்களில் திறக்கின்றன. உறைவிடப் பள்ளியின் பொறுப்பு முடிந்து கல்லூரியின் பொறுப்பு தொடங்காத அந்த இடைவெளியில்தான் மலைப் பிள்ளைகள் பெற்றோரோடு தோட்ட வேலைக்கு லாரி ஏறுகிறார்கள். கல்லூரி முதல்வர்கள் முதலில் கைவைக்க வேண்டியது அந்த இரண்டு மாதத்தில்தான்.